ஓடுறதுக்கு மட்டும் ஒரு ஆள்: ஹெர்ப் வாஷிங்டன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். ரெண்டு தடவை சொன்னதையும், நடுவுல கேட்ட லஸ் மெட்ரோ வேலைச் சத்தத்தையும் மட்டும் வெட்டியாச்சு.)

1997 மே 21, சேப்பாக்கம். இந்தியா–பாகிஸ்தான், இண்டிபெண்டன்ஸ் கப் மேட்ச். இதைக் கேட்டுட்டு இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் அப்போ பிறந்திருக்கவே மாட்டீங்க. ஆனா உங்க வீட்டுல ஒரு சித்தப்பாவோ மாமாவோ அந்த மேட்சைப் பத்தி இன்னைக்கும் புலம்பிட்டுதான் இருப்பார். சயீத் அன்வர் 146 பந்துல 194 ரன் அடிச்ச நாள் அது. மே மாசத்துச் சென்னைப் புழுக்கத்துல அன்வருக்குத் தசை பிடிச்சுக்கிச்சு. பை-ரன்னர் கேட்டார். வந்தது ஷாஹித் அஃப்ரிடி. மீதி இன்னிங்ஸ் முழுக்க அன்வர் நின்ன இடத்துல நின்னு அடிச்சார், அஃப்ரிடி ஓடினார்.

தெருவுல கிரிக்கெட் ஆடின எல்லாருக்கும் பை-ரன்னர் தெரியும். பெரும்பாலும் அது டீம்ல இருக்கிற சின்னப் பையன், பேட்டிங் கிடைக்காதவன். 2011-லேர்ந்து சர்வதேச கிரிக்கெட்ல பை-ரன்னர் கிடையாது, ஐசிசி எடுத்துட்டாங்க.

இப்போ ஒரு விஷயம் யோசிங்க. ஒரு பெரிய டீம், உலக சாம்பியன் டீம், ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து எடுக்குது. அவர் பேட்டிங் பண்ண வேண்டாம், பௌலிங் வேண்டாம், ஃபீல்டிங்கும் வேண்டாம். சீசன் பூரா அவருக்கு ஒரே வேலை: யாராவது அடிச்சு முடிச்ச பிறகு அவருக்குப் பதிலா உள்ள போய் ஓடணும். இது நிஜமாவே நடந்தது. கிரிக்கெட்ல இல்ல, பேஸ்பால்ல. ஆள் பேரு ஹெர்ப் வாஷிங்டன். இன்னைய எபிசோடு அவரைப் பத்திதான். அவர் ஓடின கதை பாதி, அதுக்கப்புறம் அவர் கடை நடத்தின கதை பாதி. எனக்கு ரெண்டாவது பாதிதான் இன்னும் சுவாரஸ்யம். ஆனா முதல் பாதி தெரியாம அது புரியாது.

யார் இந்த வாஷிங்டன்?

மிஸிஸிப்பி மாநிலத்துல பிறந்தவர். வளர்ந்தது ஃப்ளிண்ட் நகரத்துல, மிஷிகன் மாநிலம். ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைகளால வளர்ந்த ஊர் அது. நம்ம அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் மாதிரி நினைச்சுக்கோங்க. மிஷிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில படிச்சார், அங்கேயே ஓடினார். அவருடைய இடம் இண்டோர் ஓட்டம். 50 கஜம், 60 கஜம்னு சின்னத் தூரம். 60 கஜம்னா ஏறக்குறைய 55 மீட்டர். அதை 5.8 நொடியில ஓடினார். 70-களோட தொடக்கத்துல அந்த ரெண்டு தூரத்துலயும் உலக சாதனைப் பட்டியல்ல அவர் பேர் இருந்தது.

சரி, உலக சாதனை இருக்கே, அதை வச்சு சம்பாதிக்கலாமேன்னு கேட்பீங்க. முடியாது. அந்தக் காலத்துல தடகளத்துல 'அமெச்சூர்' விதின்னு ஒண்ணு இருந்தது. ஓடிக் காசு வாங்கினா ஒலிம்பிக் பக்கமே வர முடியாது. வேகம் உலகத் தரம், ஆனா அதுக்குச் சந்தை இல்ல. நம்ம ஊர் ஆட்களுக்கு இது புதுசு இல்ல. நேரு ஸ்டேடியத்துல காலையில நூறு மீட்டர் ஓடுற பசங்ககிட்ட அடுத்து என்னன்னு கேட்டுப் பாருங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டா, ரயில்வே, ஐசிஎஃப், இன்கம் டாக்ஸ், போலீஸ், ஆர்மின்னுதான் பதில் வரும். பி.டி. உஷாவே ரயில்வே அதிகாரியா இருந்தவர்தான். நம்ம லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ராணுவத்துலேர்ந்து ஓடினவர். ஓட்டம் வேலைக்குக் கதவு திறக்கும், ஓட்டமே வேலை ஆகாது. 1974-ல வாஷிங்டன் நின்ன இடமும் கிட்டத்தட்ட அதுதான். அவருக்கு அரசு வேலைக்குப் பதிலா சார்லி ஃபின்லி வந்தார்.

ஃபின்லி இன்ஷூரன்ஸ்ல சம்பாதிச்ச பணக்காரர். ஓக்லண்ட் ஏஸ் டீமோட முதலாளி. கொஞ்சம் கிறுக்கு, நிறைய விளம்பரம். வெள்ளைப் பந்து எதுக்கு, ஆரஞ்சு நிறத்துல போடலாமேன்னு கேட்டவர். மீசை வளர்த்தா போனஸ்னு வீரர்களுக்குக் காசு கொடுத்தவர். ஆனா கிறுக்கர்னு ஒதுக்கவும் முடியாது. 1972, 73, 74 மூணு வருஷமும் வரிசையா அவர் டீம்தான் சாம்பியன்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. 1973-ல பேஸ்பால்ல ஒரு புது விதி வந்திருந்தது. பந்து எறியுற பிட்சர் பேட்டிங் பண்ண வேண்டாம், அவருக்குப் பதிலா அடிக்க மட்டும் ஒரு ஆளை வச்சுக்கலாம். ஐபிஎல்ல 2023-லேர்ந்து இம்பாக்ட் பிளேயர் பார்க்கிறோமே, யோசனை அந்த வகைதான். ஃபின்லி என்ன கேட்டார்னா, அடிக்க மட்டும் ஒரு ஆள் இருக்கலாம்னா, ஓட மட்டும் ஒரு ஆள் ஏன் இருக்கக் கூடாது? லீக் ஒத்துக்கல. சரி, விதி இல்லன்னா என்ன, இருக்கிற விதிக்குள்ளயே செய்றேன்னு சொல்லி வாஷிங்டனைக் கூப்பிட்டார்.

வாஷிங்டன் பள்ளிக்கூட நாட்களுக்கு அப்புறம் பேஸ்பால் ஆடினதே இல்ல. ஒப்பந்தத்துல மீசை வளர்க்கவும் தனியா ஒரு போனஸ். அவருக்கோ மீசை சரியா முளைக்கல. புருவத்துக்கு மை தீட்டுற பென்சிலை எடுத்து வரைஞ்சுக்கிட்டார்னு சொல்வாங்க. காலேஜ் ஆண்டுவிழா நாடகத்துல ராஜா வேஷம் போட்டவங்களுக்கு இந்த டெக்னிக் தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு பக்கம் டீம்ல மத்தவங்க. மொத்தமே 25 பேருக்குத்தான் இடம். அதுல ஒரு இடம் பேட்டைத் தொடவே தொடாத ஆளுக்குப் போகுது. மைனர் லீக்ல பல வருஷம் பஸ்ல அலைஞ்சு, ஒரு இடத்துக்காகக் காத்துட்டு இருக்கிறவனுக்கு அது எப்படி இருக்கும்? சக வீரர்கள் சிலருக்கு இது பிடிக்கல. அவங்க கோபத்துல நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா அந்தக் கோபம் போய் விழுந்தது முடிவெடுத்த முதலாளி மேல இல்ல, வேலைக்கு வந்த ஆள் மேல.

வேகம் இருந்தா போதாதா?

இங்க பேஸ்பால் கொஞ்சம் தெரிஞ்சாகணும். பயப்படாதீங்க, ஒரே ஒரு விஷயம்தான்.

பந்தை அடிச்சவர் முதல் 'பேஸ்'ல வந்து நிக்கிறார். அடுத்த பேஸ் 27 மீட்டர் சொச்சம் தள்ளி இருக்கு. பின்னாடி வர்ற ஆள் அடிக்கிற வரைக்கும் காத்திருக்கலாம். இல்லன்னா பிட்சர் பந்தை எறிய ஆரம்பிக்கும்போதே திருட்டுத்தனமா அடுத்த பேஸுக்கு ஓடலாம். இதுக்குப் பேரே 'ஸ்டீல்', திருடுறது. பிட்சர் எறிஞ்ச பந்து கேட்சர் கைக்குப் போகணும். அவர் பிடிச்சு இரண்டாவது பேஸுக்கு எறியணும். ரெண்டும் சேர்ந்து சுமார் மூணரை நொடி ஆகும். அதுக்குள்ள போய்ச் சேரணும்.

உலக சாதனை ஓட்டக்காரருக்கு இது அல்வா சாப்பிடுற மாதிரி இருக்கணுமே? இல்ல. ஏன்னு புரியணும்னா 2019 ஐபிஎல்லுக்குப் போவோம். ஜெய்ப்பூர், மார்ச் 25. நம்ம மேற்கு மாம்பலம் அஸ்வின் பௌலிங். நான்-ஸ்ட்ரைக்கர் பக்கம் ஜாஸ் பட்லர், 69 ரன். அஸ்வின் ஓடி வர்றார், பட்லர் கிரீஸை விட்டுக் கொஞ்சம் முன்னாடி நகர்றார், அஸ்வின் பந்தைப் போடாம பெயில்ஸைத் தட்டிட்டார். ஒரு வாரம் நாடே சண்டை போட்டது. அது சரியா தப்பாங்கிற பேச்சை விடுங்க. பட்லர் ஏன் நகர்ந்தார்? ரெண்டு அடி முன்னாடியே கிளம்பினா ரன் சுலபமா வரும். எல்லா நான்-ஸ்ட்ரைக்கரும் செய்றதுதான்.

பேஸ்பால்ல அந்த ரெண்டு அடிதான் முழு ஆட்டமும். ஓட்டக்காரர் பேஸை விட்டு மூணரை, நாலு மீட்டர் தள்ளி வந்து நிப்பார். பிட்சர் நினைச்சா பேட்ஸ்மேனுக்கு எறியாம திரும்பி முதல் பேஸுக்கு எறியலாம். இவர் திரும்பிப் பேஸைத் தொடுறதுக்குள்ள பந்து வந்து அங்க நிக்கிறவர் இவரைத் தொட்டுட்டா அவுட். இதுக்குப் பேர் 'பிக்-ஆஃப்'. அஸ்வின் செஞ்சதோட பேஸ்பால் வடிவம். அங்க யாரும் இதைக் குத்தம் சொல்றது இல்ல, ஒவ்வொரு மேட்ச்லயும் நடக்கிற சாதாரண விஷயம்.

ஸ்ப்ரிண்டர் துப்பாக்கிச் சத்தத்துக்குக் கிளம்பிப் பழகினவர். சத்தம் கேட்டா போ, கேக்கலன்னா நில்லு. இங்க துப்பாக்கி இல்ல. பிட்சரோட தோள் எந்தப் பக்கம் லேசா திரும்புது, குதிகால் எப்போ தூக்குது, இதைப் பார்த்துக் கால் நொடியில முடிவு பண்ணணும். பிட்சர் வேணும்னே ஏமாத்துவார். அதோட, நூறு மீட்டர் ஓடுறவன் கோட்டைத் தாண்டி ஓடுறதுக்குத்தான் பயிற்சி எடுத்திருக்கான். இரண்டாவது பேஸைத் தாண்டி ஓடினா அவுட். முழு வேகத்துல போய்த் தரையில சறுக்கி அங்கேயே நிக்கணும். சேப்பாக்கத்துல தோனி ரெண்டாவது ரன் ஓடுறதைப் பார்த்திருப்பீங்க. நூறு மீட்டர் ரேஸ்ல அவரை ஜெயிக்கக்கூடியவங்க நிறைய இருப்பாங்க. எப்போ திரும்பணும், யார் கைக்குப் பந்து போகுது, அவன் கை எவ்வளவுங்கிற கணக்கு அவருக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்.

வாஷிங்டனுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தாங்க. பேஸ் திருடுறதுல பேர் போன மாரி வில்ஸை ஃபின்லி கூட்டிட்டு வந்தார். ஆனா சின்ன வயசுலேர்ந்து ஆயிரம் மேட்ச் ஆடி உடம்புல ஏறுற விஷயத்தை ஒரு வசந்த காலப் பயிற்சி முகாம்ல எவ்வளவு ஏத்த முடியும்?

1974 சீசன்ல 45 தடவை திருட முயற்சி பண்ணினார். 29 தடவை சேர்ந்தார், 16 தடவை மாட்டினார். நூத்துக்கு 64. கேக்க நல்ல மார்க் மாதிரி இருக்கு. பேஸ்பால் கணக்குல பத்துக்கு ஏழு தடவைக்குக் கீழ போனா திருடாமலே நிக்கலாம், ஏன்னா ஒரு அவுட்டோட விலை ஒரு பேஸோட விலையை விடப் பெருசு. அதே வருஷம் லூ பிராக்னு ஒருத்தர் 118 பேஸ் திருடி அப்போதைய சாதனை படைச்சார். அவர் மாட்டினது 33 தடவைதான். நூத்துக்கு 78. அப்போ அவருக்கு வயசு 35. வாஷிங்டனுக்கு இருபதுகளோட தொடக்கம், உலகத்தோட வேகமான கால்களில் ஒரு ஜோடி.

அந்த ஒரு நிமிஷம்

1974 வேர்ல்ட் சீரிஸ், இரண்டாவது மேட்ச், லாஸ் ஏஞ்சலஸ். ஓக்லண்ட் 3-2-ன்னு பின்தங்கி இருக்கு. கடைசி இன்னிங்ஸ். ஜோ ரூடி அடிச்சு ரெண்டு ரன் கொண்டு வந்து முதல் பேஸ்ல நிக்கிறார். ஒரு ரன் வந்தா சமம். ரூடியை வெளிய எடுத்துட்டு வாஷிங்டனை உள்ள அனுப்புறாங்க. பேஸ்பால்ல ஒரு தடவை வெளிய போனவர் திரும்ப வர முடியாது. கிரிக்கெட் பை-ரன்னர் மாதிரி இல்ல, அங்க அன்வர் நின்னு தொடர்ந்து அடிச்சார். இங்க நல்லா அடிக்கிற ரூடி அந்த மேட்சுக்கு அவ்வளவுதான். அதாவது ஓடுற ஆளுக்கு டீம் ஒரு விலை கொடுக்குது.

எதிர்ல பிட்சர் மைக் மார்ஷல். மனுஷ உடம்போட இயக்கத்தைப் பாடமா படிச்சவர், மிஷிகன் ஸ்டேட்ல வகுப்பும் எடுத்தவர். அவர் வகுப்புல உக்காந்த மாணவர்கள்ல ஒருத்தர் ஹெர்ப் வாஷிங்டன். வாத்தியாரும் மாணவனும் வேர்ல்ட் சீரிஸ்ல நேருக்கு நேர். மார்ஷல் காத்திருந்தார், காலை எடுத்தார், சட்டுனு திரும்பி முதல் பேஸுக்கு எறிஞ்சார். ஸ்டீவ் கார்வி பிடிச்சுத் தொட்டார். வாஷிங்டன் அவுட். ஓக்லண்ட் அந்த மேட்ச்ல தோத்தது.

தொடரை ஓக்லண்ட் 4-1-ன்னு ஜெயிச்சது, வாஷிங்டனும் சாம்பியன் டீம்ல ஒருத்தர். ஆனா பேஸ்பால் ஆட்கள் அவரைப் பத்திப் பேசினா முதல்ல வர்றது அந்த ஒரு பிக்-ஆஃப்தான். அடுத்த வருஷம் மே மாசம் டீம் அவரை விடுவிச்சது. மொத்தம் 105 மேட்ச், 31 திருட்டு, 33 ரன். ஒரு பந்தைக்கூட அவர் அடிக்க நின்னதில்ல, ஒரு பந்தைக்கூட ஃபீல்டிங்ல தொட்டதில்ல. 1975-ல டாப்ஸ் நிறுவனம் போட்ட அவருடைய பேஸ்பால் கார்டுல, ஆடுற இடம்னு இருக்கிற எடத்துல 'பதில் ஓட்டக்காரர்'னு அச்சடிச்சிருந்தாங்க. கார்டு சேர்க்கிறவங்க இன்னைக்கும் அதைத் தேடி வாங்குறாங்க.

இதே கதை, ஜப்பான்ல, அஞ்சு வருஷம் முன்னாடி

ஃபின்லியோட கிறுக்கு யோசனைன்னு அமெரிக்காவுல எல்லாரும் பேசினது ஜப்பான்ல ஏற்கனவே நடந்து முடிஞ்சிருந்தது. இஜிமா ஹிதேயோ. 1964-ல நூறு மீட்டரை 10.1 நொடியில ஓடினவர். டோக்கியோ, மெக்ஸிகோன்னு ரெண்டு ஒலிம்பிக்லயும் அரையிறுதி வரை போனவர். 1969-ல லோட்டே ஓரியன்ஸ் டீம் அவரை எடுத்தது, ஓடுறதுக்கு மட்டும். மூணு சீசன், 117 மேட்ச், 23 தடவை திருடினார், 17 தடவை மாட்டினார். வாஷிங்டனை விடக் குறைவான சதவீதம். ஆட்டத்தை விட்ட பிறகு சொந்த ஊரான மிட்டோவுல விளையாட்டுச் சாமான் கடை வச்சார். ஓட்டத்தையும் விடல. 1991 டோக்கியோ உலக தடகளப் போட்டியில, கார்ல் லூயிஸ் 9.86-ல ஜெயிச்ச நூறு மீட்டர் பந்தயத்துக்குத் துப்பாக்கி பிடிச்சுக் கிளப்பிவிட்டது இஜிமாதான். பேஸ்பால்ல அவருக்குக் கிடைக்காத அந்தச் சத்தத்தை அவரே மத்தவங்களுக்குக் கொடுத்தார்.

நம்ம நாட்டுல?

இந்தியாவுல ஒரு ஸ்ப்ரிண்டர் பேஸ்பாலுக்குப் போன கதை எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா தடகளத்துலேர்ந்து போன ரெண்டு பேர் இருக்காங்க. உத்தரப் பிரதேசத்துப் பசங்க, ரிங்கு சிங், தினேஷ் படேல். ரெண்டு பேரும் லக்னோவுல ஸ்போர்ட்ஸ் காலேஜ்ல ஈட்டி எறிஞ்சிட்டு இருந்தவங்க. 2008-ல ஜே.பி. பெர்ன்ஸ்டீன்னு ஒரு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் ஏஜெண்ட் இந்தியாவுல 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு டிவி போட்டி நடத்தினார். பேஸ்பாலை யார் வேகமா, குறி தவறாம எறியுறாங்கன்னு போட்டி. ரிங்கு மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர் வேகத்துல எறிஞ்சு ஒரு லட்சம் டாலர் ஜெயிச்சார். படம் பார்த்திருப்பீங்க, 2014-ல டிஸ்னி எடுத்தது. நம்ம ஊர்ல பல பேர் அதைப் பார்த்ததே மியூசிக் ஏ.ஆர். ரஹ்மான்கிறதுக்காகத்தான்.

இங்க ஒரு சுவாரஸ்யம் இருக்கு. ஜெயிச்சது கிரிக்கெட் பௌலர்கள் இல்ல. கிரிக்கெட்ல முழங்கையை மடக்கி நீட்டி எறிஞ்சா 'சக்கிங்', நோ-பால். சின்ன வயசுலேர்ந்து கையை மடக்காதேன்னு திட்டு வாங்கி வளர்ந்த பௌலருக்கு பேஸ்பால் எறியுறது உடம்புக்கு ஒத்து வராது. ஈட்டி எறியுறவனுக்கு அந்தத் தடை இல்ல. அதனால வேகம் உடனே வந்தது. ஆனா ஈட்டி தூரமா போனா போதும். பேஸ்பால் 18 மீட்டர் தூரத்துல 43 சென்டிமீட்டர் அகலத்துக்குள்ள போகணும், பந்துக்குப் பந்து. வாஷிங்டன் கதைதான் இதுவும், காலுக்குப் பதிலா கை.

டாம் ஹவுஸ்னு ஒரு பயிற்சியாளர்கிட்ட சில மாசம் கத்துக்கிட்டாங்க. அரிஸோனாவுல முதல் சோதனை சொதப்பிச்சு. இரண்டாவது வாய்ப்புல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ரெண்டு பேரையும் 2008 நவம்பர்ல எடுத்தது. 2009 ஜூலையில ரிங்கு மைனர் லீக் மேட்ச் ஒண்ணை ஜெயிச்சார், அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால்ல ஒரு இந்தியர் ஜெயிச்ச முதல் மேட்ச். படம் ஒப்பந்தத்தோட முடிஞ்சிடும். நிஜத்துல தினேஷை 2010-லயே விட்டுட்டாங்க, ஊருக்குத் திரும்பினார். ரிங்கு 2011 வரை முன்னேறினார், அப்புறம் காயம் மேல காயம். 2018-ல டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தத்துக்குப் போய் வீர் மஹான் ஆனார். மேஜர் லீக்ல ரெண்டு பேருமே ஆடல. அந்தப் பணத்தை மட்டும் வச்சு இதை வெற்றின்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்குத் தோணுறது, கைக்கு விலை போட்டவங்க அந்த ஆளுக்குக் கத்துக்க எவ்வளவு வருஷம் கொடுத்தாங்கன்னும் சேர்த்துப் பார்க்கணும்.

கடைக்காரர் வாஷிங்டன்

திரும்ப நம்ம ஆள்கிட்ட வருவோம். பேஸ்பால் முடிஞ்சப்போ அவருக்கு இருபத்தஞ்சு வயசுகூட ஆகல. கையில பட்டம், ஒரு சாம்பியன் மோதிரம், விநோதமான ஒரு புகழ். 1980-ல நியூயார்க் மாநிலத்துல ராச்செஸ்டர் நகரத்துல முதல் மெக்டொனால்ட்ஸ் கடையை எடுத்தார். அப்புறம் இன்னொண்ணு, இன்னொண்ணு. 90-களோட கடைசியில ஒஹையோ பக்கம் யங்ஸ்டவுனுக்குப் போனார். ஒரு கட்டத்துல 27 கடை. அமெரிக்காவுல அதிக மெக்டொனால்ட்ஸ் வச்சிருந்த கறுப்பினத்தவர்கள்ல ஒருத்தர். நடுவுல மத்திய வங்கியோட பஃபலோ கிளை இயக்குநர் குழுவுல உக்காந்தார். யங்ஸ்டவுன்ல ஸ்டீல்ஹவுண்ட்ஸ்னு ஒரு ஐஸ் ஹாக்கி டீம் வாங்கினார். 2005-லேர்ந்து மூணு சீசன் ஆடி அது மூடிடுச்சு. ஓட மட்டும் வந்த ஆள் கடைசியில தானே ஒரு டீமுக்கு முதலாளி.

இங்கேயே நிறுத்தினா நல்ல இன்ஸ்டாகிராம் ரீல். ஆனா கதை நிக்கல.

ஃபிரான்சைஸ்னா என்னன்னு ஒரு நிமிஷம். போர்டு கம்பெனியோடது, மெனு கம்பெனியோடது. பணம் போட்டு, ஆள் வச்சு, கடை நடத்துறது நீங்க. அமெரிக்காவுல மெக்டொனால்ட்ஸ் பெரும்பாலும் அந்த இடத்தையும் தன் கையிலேயே வச்சுக்கும். கடைக்காரர் விற்பனையில பங்கும் தரணும், வாடகையும் தரணும். எந்த இடத்துல உங்களுக்குக் கடைங்கிறதும் கம்பெனி சம்மதம் இல்லாம நடக்காது. (இந்தியாவுல அமைப்பு வேற. சென்னையில நீங்க பார்க்கிற மெக்டொனால்ட்ஸ் எல்லாம் ஒரே இந்தியக் கம்பெனி நடத்துறது. அதனால அடையார்ல நீங்களா போய் ஒண்ணு எடுக்க முடியாது.)

இடம் எவ்வளவு முக்கியம்னு தி.நகர்க்காரங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அதே சுடிதார், அதே விலை. ரங்கநாதன் தெருவுல கடை இருந்தா தீபாவளிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. நாலு தெரு தள்ளி உள்ள இருந்தா அதே தீபாவளிக்குக் கடைக்காரர் வாசல்ல நின்னு கூப்பிடணும். திறமை, உழைப்பு எல்லாம் அப்புறம்தான்.

2021 பிப்ரவரியில வாஷிங்டன் மெக்டொனால்ட்ஸ் மேல வழக்குப் போட்டார். அவர் சொன்னது இதுதான்: கறுப்பினக் கடைக்காரர்களுக்கு வருமானம் குறைவான, செலவு அதிகமான பகுதிகளைத்தான் தள்ளிவிட்டாங்க. நல்ல இடங்கள் வெள்ளையர்களுக்குப் போச்சு. தன்னையும் சில கடைகளை வெள்ளையர்களுக்கு விக்க வச்சாங்க. நாப்பது வருஷம் கடை நடத்தின ஆள் சொன்ன குற்றச்சாட்டு இது. அவர் தனியாவும் இல்ல. அதுக்கு முந்தின செப்டம்பர்லயே 52 கறுப்பின முன்னாள் கடைக்காரர்கள் சேர்ந்து இதே மாதிரி ஒரு வழக்குப் போட்டிருந்தாங்க. கம்பெனி மறுத்தது. வாஷிங்டனோட கடைகள்ல நிர்வாகக் குறைகள் இருந்ததுன்னும், பாகுபாடு எதுவும் இல்லன்னும் சொன்னது.

அந்த வருஷம் டிசம்பர்ல சமரசம். மெக்டொனால்ட்ஸ் 3 கோடியே 35 லட்சம் டாலர் கொடுத்து அவர்கிட்ட மிச்சம் இருந்த 13 கடைகளை எடுத்துக்கிச்சு. அது கடைகளுக்கான நியாயமான விலை, வேற எதுக்கும் இல்லன்னு கம்பெனி சொன்னது. யார் சொன்னது சரிங்கிறதை நீதிமன்றம் விசாரிச்சுத் தீர்ப்பு சொல்ற நிலைக்கே அந்த வழக்கு போகல. வாஷிங்டன் அந்தத் தொழிலை விட்டு வெளிய வந்தார்.

இந்த ரெண்டு பாதியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. ஓக்லண்ட்ல எப்போ உள்ள போகணும், யாருக்குப் பதிலா போகணும்னு வேற ஒருத்தர் சொன்னார், மாட்டினா பேர் மட்டும் இவரோடது. கடைத் தொழிலுக்கு வந்ததே அதுலேர்ந்து தப்பிக்கத்தான்னு நினைச்சிருக்கலாம். அவர் வழக்குல சொன்னபடி பார்த்தா அங்கேயும் எந்த இடத்துலேர்ந்து ஓடணும்னு வேற ஒருத்தர்தான் முடிவு பண்ணிட்டு இருந்தாங்க. ஒரு வித்தியாசம், 1975-ல டீம் வெளிய அனுப்பினப்போ சத்தமில்லாம போனார். 2021-ல சத்தம் போட்டுட்டு, கடைகளுக்கு விலையும் வாங்கிட்டுத்தான் போனார்.

இந்த எபிசோடைப் பத்திக் கேள்வி இருந்தா வழக்கம்போல அனுப்புங்க. ஃபிரான்சைஸ் கணக்கு பத்தி விரிவா பேசணும்னா அதையும் சொல்லுங்க, ஒரு சி.ஏ.வைக் கூப்பிடலாம். அஸ்வின் செஞ்சது சரியா தப்பாங்கிற கேள்வியை மட்டும் தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. அதுக்கு ஒரு எபிசோடு பத்தாது.